குறைந்த செலவில் நிறைந்த ஒலி
பின்புறம் மூடிய ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கும் முறை

முன்னுரை

எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்னும் தனி இயல் அமைத்து விளக்கினார். திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் கலையும் ஒவ்வோர் எழுத்தும் தோன்றும் இடத்தை மக்ரஜ் எனப் பெயரிட்டுப் பயிற்றுவிக்கின்றது. நாவும் அண்ணமும் பல்லும் இதழும் கூடிப் பிறப்பிக்கும் ஒலி, பிறந்தவாறே கேட்பவர் செவியைச் சென்றடைய வேண்டும். இடையில் ஒரு கருவி நிற்குமானால் அக்கருவி நேர்மையுடையதாக இருத்தல் வேண்டும். இக்காலத்தில் நம் மாணவர் செவிக்கும் ஒலிக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ஹெட்போன் ஆகும். அதனை வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், நண்பர் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். ஒலியைக் கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. குறைந்த பொருள் வசதியுடைய மாணவர் ஒருவர், நல்லொலி தரும், பின்புறம் மூடிய ஹெட்போனை எவ்வாறு தேர்ந்து வாங்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஓர் எழுத்தால் நேர்ந்த பிழை

இப்பொருளைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது என் சொந்தப் பிழையே ஆகும். எம்ஃபில் ஆய்வுக்காகக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தேன். விடுதி அறையில் மின்விசிறி இரைய, மிக மலிவான ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு அவற்றை எழுத்தில் வடித்தேன். ஒரு தாலாட்டில் தந்தை குழந்தைக்காக 'வளை' கொண்டு வருவதாக என் செவிக்குக் கேட்டது. அவ்வாறே எழுதினேன். பெண் குழந்தைக்கு வளையல் அணிவிக்கும் வழக்கத்தைப் பற்றி அதனடியில் இரண்டு பக்க விளக்கமும் வரைந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்நாடாவைக் கணிப்பொறிக்கு மாற்றும் வேளையில், மாணவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய மூடிய ஹெட்போனில் அத்தாலாட்டை மீண்டும் கேட்டேன். மூதாட்டி பாடியது வளை அன்று, வலை. தந்தை கடலிலிருந்து வலையைச் சுமந்து வீடு திரும்புகின்றார் என்பதே பாட்டின் பொருள். ஒரு லகரம் ளகரமானதால் ஒரு மீனவக் குடும்பத்தின் உழைப்பு என் ஏட்டில் அணிகலனாக மாறிவிட்டது. கேட்டுத் தெளிய எண்ணியபோது அவ்வம்மையார் மறைந்து சில ஆண்டுகள் கடந்திருந்தன. எஞ்சியிருந்த சான்று அந்நாடா ஒன்றுதான். இரவல் ஹெட்போன் விலை உயர்ந்ததும் அன்று. எனவே பிழைக்குக் காரணம் என் வறுமை அன்று, என் அறியாமையே என்பதை அன்று உணர்ந்தேன்.

மூடியதும் திறந்ததும்

ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்துள்ளும் ஒரு சிறிய ஒலிபெருக்கி உள்ளது. அதனை டிரைவர் என்பர். அதன் மெல்லிய படலம் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. முன்புறம் எழும் ஒலி காதுக்குச் செல்கின்றது; பின்புறமும் அதே அளவு ஒலி எழுகின்றது. பின்புற ஒலியை வெளியே விடுவதற்குத் துளைகள் அமைந்திருந்தால் அது திறந்த வகை. கிண்ணத்தின் பின்புறம் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தால் அது மூடிய வகை.

1910ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய நதானியேல் பால்ட்வின் தம் நாட்டுக் கடற்படைக்கு ஹெட்போன் செய்தளித்தார். 1958இல் ஜான் காஸ் இருவழி ஒலிக்குரிய ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி.-414 என்னும் திறந்த வகையைக் கொணர்ந்தது. அதுமுதல் இருவகைகளும் அருகருகே வளர்ந்து வருகின்றன.

திறந்த வகையில் ஒலி விரிந்த வெளியில் கேட்பது போன்றிருக்கும். ஆதலின் இசைச்சுவைஞர் பலர் அதனையே விரும்புவர். மூடிய வகையில் பின்புற ஒலி கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி, முன்புற ஒலியோடு கலந்து அதனைக் கெடுக்கக்கூடும். பஞ்சு முதலியவற்றை உள்ளே வைத்து அவ்வெதிரொலியை அடக்குவர். அவ்வேலையைச் செம்மையாகச் செய்யாத ஹெட்போனில், பேசுபவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்கும். மலிவான மூடிய ஹெட்போன்களில் பெரிதும் காணப்படும் குறை இதுவே.

அவ்வாறாயின் மூடியதை ஏன் நாட வேண்டும்? நம் வாழ்விடமே காரணம். விடுதி அறையில் நால்வர் தங்குகின்றனர். ஒருவர் கேட்பது மற்றவர் படிப்புக்கு இடையூறாதல் கூடாது. நூலகத்தில் நம் ஒலி வெளியே கசிதல் கூடாது. களப்பணியில் பாடுபவருக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்கையில், ஹெட்போனிலிருந்து கசியும் ஒலி ஒலிவாங்கியில் மீண்டும் புகுந்து பதிவைக் கெடுக்கும். இவற்றுக்கெல்லாம் மூடிய வகையே பொருந்தும். வெளி இரைச்சலையும் அது ஓரளவு தடுக்கின்றது. எனினும் மின்சாரம் இன்றித் தடுக்கும் இவ்வகை, பேச்சொலி, தட்டொலி போன்ற உயர்ந்த அதிர்வுகளையே நன்கு தடுக்கும். பேருந்து எஞ்சினின் உறுமல் போன்ற தாழ்ந்த அதிர்வுகளை அதனால் பெரிதும் தடுக்க இயலாது.

விலையும் ஒலியும்

விலை கூடக் கூட ஒலியும் சிறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை அளவிட்டுச் சோதிக்கப்பட்டுள்ளது. ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரு ஹெட்போன் எவ்வெவ்வளவு வலிமையுடன் ஒலிக்கின்றது என்னும் தன்மைக்கும் அதன் சில்லறை விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலை பயனற்றது என இதற்குப் பொருளன்று. உறுதியான உடல், மென்மையான திண்டு, கழற்றி மாற்றத்தக்க கம்பி, புகழ்பெற்ற பெயர் ஆகியவற்றுக்கு விலை உண்டு. ஆயினும் விலைச்சீட்டைப் படித்து ஒலியை அறிய இயலாது என்பது உறுதி.

நல்லொலி என்பது ஆளுக்கு ஆள் மாறுவது அன்றோ எனச் சிலர் வினவலாம். ஓரளவு மாறும். ஆனால் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012 முதல் நடத்திய ஆய்வுகள், பயிற்சி பெற்றோரும் பெறாதோருமாகிய பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரேவகை ஒலியையே விரும்புகின்றனர் என்று காட்டின. நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பது போன்ற சமநிலையே அது. நம் காதின் அமைப்பு 3000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை இயல்பாகவே உயர்த்திக் கொடுக்கின்றது. காதை மூடி அமரும் ஹெட்போன் அவ்வுயர்வை ஈடுசெய்து ஒலிக்க வேண்டும். அவ்விடத்தில் பள்ளம் விழுந்தால் குரல் தொலைவில் ஒலிக்கும். மேடு மிகுந்தால் குரல் காதைக் குத்தும்.

தமிழ் மாணவர்க்கு இது தனிச்சிறப்புடைய செய்தியாகும். லகர ளகர ழகரங்களைப் பிரித்துணர உதவும் ஒலிக்கூறுகள் பெரிதும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைந்துள்ளன. நாவை வளைத்து ஒலிக்கும்போது குரலின் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்கின்றது. அத்தாழ்வைக் கொண்டே செவி அவ்வெழுத்தை அறிகின்றது. தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே மிகுவித்து, இப்பகுதியைப் பள்ளமாக்கிய ஹெட்போனில் வலையும் வளையும் ஒன்றாகிவிடும். என் பிழை பிறந்த இடம் இதுவே.

பெட்டியில் எழுதியவை

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்கள் வாங்குபவரை மயக்குவன. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். மனிதச் செவியின் எல்லையும் அதுவே. அகவை ஏற ஏற மேல் எல்லை குறையும். அவ்வெல்லைக்குள் எவ்வளவு சமனாக ஒலிக்கும் என்பதைப் பெட்டி கூறுவதில்லை. டிரைவரின் குறுக்களவும் அத்தகையதே. 40 மில்லிமீட்டரைவிட 50 மில்லிமீட்டர் சிறந்தது என்பது நியதி அன்று.

பயன்படும் எண்கள் இரண்டு உள்ளன. ஒன்று ஓம் என்னும் அலகில் குறிக்கப்படும் மின்னெதிர்ப்பு; மற்றொன்று டெசிபலில் குறிக்கப்படும் உணர்திறன். கைப்பேசியில் நேரே செருகிக் கேட்போர்க்கு 32 முதல் 64 ஓம் வரையிலானவை பொதுவாகப் போதும். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி.-770 புரோ என்னும் மூடிய ஹெட்போன் 32, 80, 250 ஓம் என வெவ்வேறு வகையாக வெளிவந்துள்ளது. பெயர் ஒன்றாயினும் 250 ஓம் வகையைக் கைப்பேசியில் செருகினால் போதிய ஒலி எழாது. எனவே பெயரை மட்டும் கேட்டு வாங்குதல் ஆகாது. உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருப்பின் கைப்பேசிக்குப் போதுமானது.

கம்பியில்லாப் புளூடூத் வகை எளிதெனினும், நாம் தரும் சிறிய தொகை அங்கே மின்கலத்துக்கும் மின்சுற்றுக்கும் ஒலிவாங்கிக்கும் பங்கிடப்படுகின்றது. மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்தால் பலவற்றை எறிவதன்றி வேறு வழியில்லை. அதே தொகையைக் கம்பி வகைக்குச் செலவிட்டால் பெரும்பகுதி ஒலிக்கும் உடலுக்கும் சென்று சேரும். கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர்த் துளை இல்லையாயின் டைப்-சி மாற்றி ஒன்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுக.

எடுத்துக்காட்டாக இரண்டைச் சுட்டலாம். சோனி நிறுவனத்தின் எம்.டி.ஆர்.-7506 என்னும் மூடிய ஹெட்போன் 1991இல் வெளிவந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. 63 ஓம், 106 டெசிபல் உடையது. பேச்சின் நுட்பங்களை மறைக்காது காட்டும். சகர ஸகர ஒலிகள் சற்றுக் கூர்மையாகவே கேட்கும். அதனை வாங்க இயலாதவர், ஆடியோ டெக்னிகா நிறுவனம் 2014இல் கொணர்ந்த ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் என்பதைக் கேட்டுப் பார்க்கலாம். 47 ஓம், 96 டெசிபல் உடைய இதில் மிகத் தாழ்ந்த ஒலி அழுத்தமாக இராது. எனினும் குரல் இயல்பாக ஒலிக்கும். கம்பியைக் கழற்ற இயலாமை இதன் குறை. இவ்விரண்டைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. இவற்றோடு ஒப்பிட்டுப் பிறவற்றை எடைபோடலாம்.

அமரும் முறை

மூடிய ஹெட்போனின் தாழ்ந்த ஒலி, திண்டு காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிவதைப் பொறுத்தது. சிறிது காற்றுக் கசிந்தாலும் முதலில் குறைவது தாழ்ந்த ஒலியே. மூக்குக்கண்ணாடியின் கைகள், ஹிஜாப் துணி, தொப்பியின் விளிம்பு, அடர்ந்த முடி ஆகிய யாவும் கசிவை உண்டாக்கும். ஒரே ஹெட்போனைத் தோழி ஒருத்தி நன்றென்றும் மற்றொருத்தி தட்டையென்றும் கூறக் காரணம் பலவேளைகளில் இதுவே. இதனைச் சோதிப்பது எளிது. பாட்டு ஒலிக்கும்போது இரு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெல்ல அழுத்துக. தாழ்ந்த ஒலி சட்டென மிகுந்தால் கசிவு உள்ளது என்று பொருள். கண்ணாடி அணிவோரும் ஹிஜாப் அணிவோரும் காதின்மேல் அமரும் சிறு வகையை விடுத்துக் காதை முழுவதும் சூழும், தடித்த மென்திண்டுடைய வகையைத் தேர்தல் நலம். வழக்கமாக எவ்வாறு அணிந்திருப்பார்களோ அவ்வாறே அணிந்து கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் செயற்கைத் தோல் திண்டு வியர்வையால் உரிந்து உதிரும். திண்டு தனியே விற்கப்படுகின்றதா எனக் கேட்டு வாங்குக. திண்டை மாற்றத்தக்க நல்ல ஹெட்போன், ஒருவர் பயன்படுத்தி விற்பதாயினும், புதிய மட்டமான ஒன்றைவிட மேலானது.

செவியால் சோதித்தல்

கடைக்குச் செல்லும் முன் சோதனைக்குரிய ஒலிகளைக் கைப்பேசியில் ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வாங்குவோர், திருப்பியனுப்பும் காலம் முடியுமுன் வீட்டிலேயே இதனைச் செய்யலாம்.

முதலாவது, தெரிந்த குரல். நம் தாயின் குரலையோ ஆசிரியரின் குரலையோ பதிந்து கொள்க. இயற்கையில் அக்குரல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் அறிவோம். கருவி அதனை மாற்றினால் உடனே புலப்படும். அக்குரலிலேயே வலை, வளை, வாலை, வாளை, வாழை, மனம், மணம், அரம், அறம் என்னும் இணைகளை முறைமாற்றிப் பதியச் செய்க. சில நாள் கழித்து, வரிசை மறந்தபின் கேட்டு எழுதுக. பிழை மிகுந்தால் அக்கருவி தமிழ் மாணவர்க்கு ஆகாது. ஓதப் பயில்வோர் ஸீன், ஸாத் என்னும் இரண்டையும் இவ்வாறே சோதிக்கலாம்.

இரண்டாவது, பழைய இசைத்தட்டுப் பாடல். நாகூர் ஹனிபா அவர்களின் பழம்பதிவு ஒன்று இருப்பின் நன்று. அக்காலப் பதிவுகள் பெரிதும் ஒருவழிப் பதிவுகள். அத்தகைய பதிவில் குரல் தலையின் நடுவே நிற்க வேண்டும். ஒருபுறம் சாய்ந்தால் இரு டிரைவர்களும் ஒத்தவை அல்ல என்று பொருள். கம்பியின் பக்கம் மாற்றி அணிந்து பார்த்துச் சாய்வும் மாறுகின்றதா எனக் காண்க. மாறாவிடில் குறை நம் செவியில் இருக்கலாம்.

மூன்றாவது, குரலும் தாளமும் கூடிய பாட்டு. ஃபக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடும் பதிவு இதற்கு மிகப் பொருத்தம். கொட்டு அழுத்தமாகக் கேட்க வேண்டும்; அதே வேளையில் சொல் மூழ்கிவிடுதல் கூடாது. கொட்டின் அதிர்வு அடுத்த சொல்லின்மேல் நீண்டு படியுமானால் அக்கருவியை விலக்குக.

நான்காவது, ஒலியளவைச் சமன்செய்தல். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது போலத் தோன்றும். இது செவியின் இயல்பு. ஆதலின் இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கச் செய்த பின்னரே முடிவு கூறுக. ஐந்தாவது, அரை மணிநேரமேனும் அணிந்திருத்தல். உச்சியில் அழுத்தமும் காதோரம் வலியும் அதற்குள் தெரிந்துவிடும்.

வாங்கிய பின்னும் ஒலியைச் சீராக்க வழியுண்டு. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஒலிப்பகுதிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசர் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மிகுந்துள்ள தாழ்ந்த ஒலியைச் சில டெசிபல் குறைத்தாலே மூழ்கியிருந்த குரல் வெளிப்படுவதைக் காணலாம். எனினும் குடத்தொலியையும் இருபுற வேறுபாட்டையும் இதனால் முற்றும் நீக்க இயலாது.

செவியைக் காத்தல்

ஹெட்போன் பழுதானால் வேறொன்று வாங்கலாம்; செவியை வாங்க இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணிநேரம் என்பதைப் பெரியோர்க்குரிய பாதுகாப்பான வரம்பாகக் குறித்துள்ளது. ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணிநேரம். 86 டெசிபலில் 10 மணிநேரம். 89 டெசிபலில் 5 மணிநேரமே. வெளி இரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்துவதே செவிக்கேட்டின் பெருவாயில். இரைச்சலைத் தடுக்கும் மூடிய ஹெட்போன் அவ்வாயிலைப் பாதி அடைக்கின்றது. மீதிப் பாதியை நம் விரல்தான் அடைக்க வேண்டும். சாலையைக் கடக்கையில் அதனைக் கழற்றிவிடுதலும் கடமையாகும்.

முடிவுரை

வாங்கும் பணத்துக்கு எல்லை உண்டு. ஆனால் அவ்வெல்லைக்குள் நல்லது உண்டு. கம்பியுடையது, காதை முழுவதும் சூழ்வது, திண்டு மாற்றத்தக்கது, கைப்பேசிக்கு ஏற்ற ஓம் உடையது என்னும் நான்கு தன்மைகளைக் கொண்டு முதலில் சலித்து, பின்னர்த் தெரிந்த குரலால் சோதித்து வாங்குவோர் ஏமாறார். வள்ளுவப் பெருந்தகை செவியின் பெருமை கூறக் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்பதற்குரிய கருவியை ஆராய்ந்து கொள்வதும் கேள்வியின் ஒரு பகுதியே.

என் பழைய ஏட்டில் அந்தத் தாலாட்டின் பக்கத்தைக் கிழிக்கவில்லை. 'வளை' என்பதை அடித்து 'வலை' என்று எழுதி, கீழே திருத்திய நாளையும் குறித்துள்ளேன். களப்பணிக்குச் செல்லும் மாணவர்க்கு அப்பக்கத்தைக் காட்டுவது என் வழக்கம். பாடியவர்கள் நம்மிடம் ஒப்படைத்துச் செல்வது ஒலியை மட்டுமே. அதனைப் பிழையின்றிக் கேட்பதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றியாகும்.